சவரிமுத்துவின் தலைக்குள் மருமகள் இல்லை

தலையை ஸ்கேன் எடுப்பவனுக்குத் தொழிலில் பாதி, "டாக்டர் சொல்லுவார்" என்று சொல்வது. வயதானவர்களை அழைத்துப்போய் வராந்தாவில் காத்துக் கிடந்தவர்களுக்கு என் பாடு புரியும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் நாகல் நகர்ப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன்.

யாரால் வந்தது

நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை வைத்திருந்த சவரிமுத்துவை மனைவியும் மருமகள் ஸ்டெல்லாவும் அழைத்து வந்தார்கள். மனிதர் மாதக்கணக்காக மார்க்கெட்டுக்கும் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். காரணத்தை மனைவி ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இவ கால வச்ச நாள்லருந்துதான் தம்பி இப்புடி. ஈஸ்டர் முடியட்டும், இவ ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விட்டுர்றோம்."

மிஷின் வைத்தியம்

நம் ஊரில் பலருக்கு ஸ்கேன் என்றாலே சிகிச்சைதான். சவரிமுத்து மிஷினிலிருந்து இறங்கி வந்ததும் மனைவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்: "மொகம் தெளியலையே தம்பி, இன்னொருக்க உள்ள விட்டு எடுங்க."

டியூப்லைட்டுக்கு நேராக

படம் வந்ததும் அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து மாமியார் தேடினார். எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் டாக்டர் வந்து விளக்கினார். ரத்தக்கொதிப்பால் மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் பல வருடமாகக் கெட்டு வந்திருக்கின்றன, வயதானவர்களுக்கு வரும் மனச்சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், மருந்து இருக்கிறது. மாமியார் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா முதல்முறையாக வாயைத் திறந்தாள்: "டாக்டர், அந்தப் 'பல வருசமா'ங்கறத மட்டும் எங்க அத்தைகிட்ட இன்னொருக்கச் சொல்லுங்க."

முழங்கால் எக்ஸ்ரே

ஈஸ்டர் முடிந்து சில மாதங்கள் கழித்து சவரிமுத்து மறுபடி வந்தார். மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடி. மார்க்கெட்டுக்குப் போகிறாரே என்று எனக்குச் சந்தோஷம். அடிபட்டவரிடம் அதைச் சொல்ல முடியாது. கூட வந்தவள் ஸ்டெல்லாதான்; அவளை ஆத்தா வீட்டில் கொண்டுபோய் விடவில்லை. அவள் டோக்கன் வாங்கப் போனதும் அவராகவே பேசினார். "அந்தப் புள்ள வச்ச கொழம்புல ஒரு கொறையும் இல்ல தம்பி. எனக்குத்தான் ருசி செத்துக் கெடந்துச்சு. எங்க வீட்டுல அவளைத் திட்டுறப்பல்லாம் சொல்லணும்னு நெனப்பேன், வாய் வரல."

இத்தனை வருடம் தலைகளைப் படம் எடுத்ததில் நான் கண்டது, ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆகும், வீட்டுத் தீர்ப்பு அதற்கு முன்பே மருமகள் பெயரில் வந்துவிடும் என்பதுதான்.