வெள்ளைக் கோட்டின் ஓரமாய் ஒரு ரிப்பன்

பேச்சைத் தொடங்குவதற்கு முன் கொக்கி அக்கா உங்கள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, நீங்கள் நின்ற இடத்தில் தான் நின்றுகொள்வார். வண்டி வரும் திசையைப் பார்ப்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும். வங்கியிலும் இதே கதைதான், பல் மருத்துவரிடமும் இதே கதைதான். பாவம் அந்த மருத்துவர், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டியபடிதான் பல்லைப் பிடுங்கினார்.

நடுவழியில் படுத்துவிட்ட கார்களைக் கட்டி இழுத்துப் போகும் இழுவை வண்டி ஓட்டுவது தொழில். இழுவை வண்டிக்காரர் சங்கத்துக்கு அக்காதான் தலைவி. நெடுஞ்சாலை இரைச்சலோடு மல்லுக்கட்டிப் பழகிய தொண்டை, அவர் காதோடு ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் “அப்புறம்?” என்பார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பாதுகாப்புச் சட்டையை வீட்டிலும் கழற்ற மாட்டார். சங்கத்து ஆண்கள் “போட்டா வேகுதுக்கா” என்று சிணுங்கினால் பதில் தயாராக இருக்கும்: “ஆஸ்பத்திரில ஏசி போட்டிருக்கான். போய்க் குளுகுளுன்னு படுத்துக்க.”

வீட்டுக்காரருக்கும் இதே தொழில்தான். ஒரு மத்தியானம் ஓரத்தில் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தவரின் இடுப்பை, பறந்துபோன ஒரு காரின் பக்கக் கண்ணாடி பதம் பார்த்தது. அன்றிலிருந்து அவர் கொட்டகையில் போன் எடுக்கிறார், அக்கா ஸ்டியரிங் பிடிக்கிறார். “பின்னாடி வர்றதப் பாக்கத்தானே அந்தக் கண்ணாடி? முன்னாடி நின்ன என்னைய அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று மனுஷன் கேட்டுவிட்டுச் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார்.

அக்காவின் சண்டை ஒரே ஒரு சொல்லுக்காக. சாலையோரம் ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ போலீஸ் வண்டியோ நின்றால், மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு விலக வேண்டும் என்று புது விதி வரப்போகிறது. அதில் இழுவை வண்டியைக் காணோம். வரைவு அந்த வாரம் கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் சேர்க்க முடியாது. அந்த வரைவை எழுதும் போக்குவரத்து அதிகாரியின் அறைக்கு அக்கா நடையாய் நடந்தார். போகும்போதெல்லாம் “குறிச்சு வெச்சிருக்கேம்மா” என்றார் அவர். அவர் குறித்து வைத்ததை வெளியே இழுக்க எந்தச் சங்கிலிக்கும் வலு கிடையாது.

அப்போதுதான் அக்காவின் மண்டைக்குள் விளக்கு சுழன்றது.

“ரிப்பன் வெட்டக் கூப்பிட்டு வராத ஆபீசர் எங்கயாவது உண்டா?”

சங்கத்தின் ‘புது’ வண்டிக்கு, அதாவது பழைய வண்டியின் புது பெயின்டுக்கு, தொடக்க விழா. இடம்: நெடுஞ்சாலை ஓரம். ரிப்பன் கட்டியது, கொக்கியை ஏற்றி இறக்கும் லீவர்கள் இருக்கும் பக்கம். வண்டிகள் பாய்வதும் அந்தப் பக்கம்தான். அதிகாரிக்குப் பயம் வர வேண்டும், ஆபத்து வரக் கூடாது என்று கறாராகச் சொல்லி, பின்னால் இரண்டு வண்டிகளைக் காவலுக்கு நிறுத்தி, சாலையோர வெள்ளைக் கோட்டை ஒட்டி எச்சரிக்கைக் கூம்புகளை வரிசையாக வைக்கச் செய்தார்.

அதிகாரி சிரித்த முகமாய் வந்தார். கத்தரியைக் கையில் வாங்கிய நேரம் ஒரு பேருந்து போயிற்று. ரிப்பன் விம்மியது. வண்டி ஆடியது. எழுதி வந்த உரை பையிலிருந்து கிளம்பி அக்கரைக்குப் போய்விட்டது. அதிகாரி கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார்.

“ஏம்மா, இவங்கல்லாம் வேகத்தக் குறைக்க மாட்டாங்களா?”

“எதுக்கு சார் குறைக்கணும்? விதில இல்லையே.”

கத்தரி வேறு வெட்ட மறுத்தது. அது மழுங்கலாய் இருந்தது தற்செயல் என்று அக்கா இன்றும் சத்தியம் பண்ணுவார். ஒரு காரைக் கட்டி முடிக்கிற நேரம் அதிகாரி அந்த ரிப்பனோடு மல்லாடினார். லாரி, வேன், இன்னொரு லாரி. ஒவ்வொன்றுக்கும் கழுத்து தோளுக்குள் போய் வந்தது. நடுவில் சங்கப் பொருளாளருக்குப் போன் வர, விழா மரியாதையெல்லாம் பார்க்காமல் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பாய்ந்துவிட்டார். கொஞ்ச தூரத்தில், கண்ணுக்கெட்டிய ஓரத்தில், ஏதோ ஒரு கார் நின்றுபோயிருந்தது.

ரிப்பன் ஒருவழியாக அறுந்தது. கைதட்டல் லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்ட அதிகாரி, “குறிச்சுக்கறேம்மா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அக்காவின் முகம் தொங்கிப்போனது.

“இதுக்குத்தான் இவ்ளோ பாடா?” என்றார் வீட்டுக்காரர், கைத்தடியை ஊன்றியபடி பக்கத்தில் வந்து.

“செத்த சும்மா இருங்க.”

அதிகாரியின் கார் போய்க்கொண்டிருந்தது. முன்னால், ஓரத்தில், பொருளாளர் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி காரின் பின்னால் ஒரு சின்ன விளக்கு மினுக் மினுக்கென்றது. கார் வேகம் குறைந்தது. ஒரு தடம் முழுக்க விலகி, ஊர்வலம் போகிற மாதிரி பொருளாளரைத் தாண்டிப் போயிற்று. அரசாங்கக் கார் விலகுகிறதே, என்னவோ ஏதோ என்று பின்னால் வந்த காரும் விலகியது. அதன் பின்னால் ஒரு லாரி. அதன் பின்னால் ஒரு நீளப் பேருந்து.

விலகிய வண்டிக்கு ஒன்றாக அக்கா விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஒரு கை தீர்ந்தது. மறு கையும் தீர்ந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் துழாவி, கைத்தடியைப் பிடித்திருந்த வீட்டுக்காரரின் கையைப் பிரித்து எடுத்து, அவருடைய சுண்டுவிரலை மடக்கினார்.