ரெமாகன் பாலமும் டோர்ட்மண்ட் நிலவறையும்

2008 அக்டோபர், சனிக்கிழமை. ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் வால்டோர்ஃபிலிருந்து விரைவு ரயில் பிடித்தால் மதியத்துக்குள் டோர்ட்மண்ட் போய்விடலாம். நான் முப்பத்தைந்து யூரோ வார இறுதிச் சீட்டோடு, நின்று நின்று போகும் வண்டிகளில் ஏறினேன். கஞ்சத்தனம் பாதிக் காரணம். மீதிக் காரணம், வழியில் ரெமாகன் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள் என்றால் எனக்குப் பைத்தியம். ஸ்டாலின்கிராடு, நார்மண்டி எல்லாவற்றையும் தேதியோடு ஒப்பிப்பேன். "லீவு நாள்ல சண்டை நடந்த இடமாத் தேடிப் போற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று சென்னையிலிருந்து மனைவி ஃபோனில் திட்டினாள்.

ரெமாகனில் இறங்கியபோது நண்பகல். ரைன் நதிக்கரையோடு நடந்தால் கரி பிடித்த இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. நடுவே பாலம் இல்லை. 1945 மார்ச்சில் அமெரிக்கப் படை நெருங்கியதும், ஜெர்மானியர் இந்தப் பாலத்துக்கு வெடி வைத்தார்கள். பாலம் சற்றே எழும்பி, பழையபடி உட்கார்ந்துகொண்டது. வைத்ததெல்லாம் வெடிக்கவில்லை. அமெரிக்கர்கள் அதன்மேலேயே ஆற்றைக் கடந்தார்கள். பத்து நாள் கழித்துப் பாலம் தானாக விழுந்தது. கோபுரத்துக்குள் அருங்காட்சியகம், நுழைய மூன்றரை யூரோ. "அன்றைக்கு எல்லாம் வெடித்திருந்தால்?" என்று சீட்டுக் கொடுத்த பெண்மணியிடம் என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்.

"வெடிக்காதவை இன்னும் நிறையக் கிடக்கின்றன, மண்ணுக்கடியில்" என்றார் அவர். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மாலை டோர்ட்மண்ட் நிலையத்தில் குகன் அண்ணை காத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக இங்கே இருப்பவர். ஒரு கோயில் திருவிழாவில் எனக்குப் பழக்கமானார். காரில் ஏறியதும், "தம்பி, நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கிறியள். நாளைக்கு எங்கடை பக்கம் குண்டு எடுக்கினம்" என்றார், குப்பை எடுக்க வருகிறார்கள் என்பதைப் போல.

அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டியபோது, போர்க்காலத்தில் விமானம் போட்ட 250 கிலோ குண்டு அகப்பட்டதாம். ஞாயிறு காலை பத்து மணிக்குள் சுற்றுவட்டாரமே காலி செய்ய வேண்டும். எனக்கு உள்ளூர ஒரே குஷி. அண்ணையின் மனைவி வசந்தி அக்கா இடியப்பமும் சொதியும் பரிமாறினார். "சத்தம் வருமோ?" என்று மட்டும் கேட்டார்.

"சத்தம் வராமல் எடுக்கத்தானே போறாங்கள்" என்றார் அண்ணை.

ஞாயிறு காலை மாடிப்படியெல்லாம் கூட்டம். குழந்தைவண்டி, நாய், போர்வை என்று ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா எங்களுக்குப் பின்னால்தான் வந்தார். வாசலை நெருங்கியபோது, யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்கும் போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று கூரையை உரசுகிற மாதிரிப் போனது. நான் வெளியே ஓடி அண்ணாந்து படம் பிடித்தேன். தெருவில் அக்காவைக் காணவில்லை. பக்கத்து வீட்டாரோடு முன்னால் போயிருப்பார் என்று நடந்தோம்.

மக்களைத் தங்கவைத்த பள்ளி விளையாட்டரங்கில் அவர் இல்லை. கைப்பேசியை எடுக்கவில்லை. தடுப்பருகே நின்ற போலீஸ்காரப் பெண்ணிடம் ஓடினோம். எல்லா வீட்டிலும் மணி அடித்துப் பார்த்தாயிற்று, யாரும் இல்லை என்றார். அந்தநேரம் ஹெலிகாப்டர் மறுபடி வந்தது. அண்ணை மேலே பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"ஐயோ தம்பி, ஹெலி! அவ கெல்லருக்கை போயிருப்பா. ஊரிலை ஹெலி சத்தம் கேட்டால் ஒருத்தரும் தெருவுக்கு ஓடமாட்டம். பங்கருக்கைதான் பாயிறது."

கெல்லர் என்றால் கட்டடத்துக்கு அடியிலுள்ள நிலவறை. பங்கர், ஊரில் வெட்டிவைத்த பதுங்குகுழி. போலீஸ்காரப் பெண் சட்டென்று வெளிறிப்போனார். இது தானாகவே வெடிக்கக்கூடிய ரகம், வேலையைத் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிக்கொண்டே வாக்கி-டாக்கியில் யாரையோ கூப்பிட்டுவிட்டு, "வாருங்கள்" என்று ஓடினார். அண்ணை என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. போகாதே, போகாதே என்று என் உடம்பே சொன்னது. ஆளில்லாத தெருவில் எங்கள் செருப்புச் சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தகத்தில் படித்த போர் எதிலும் இந்த நாக்கு வறட்சி இல்லை.

நிலவறையில், சைக்கிளுக்கும் பழைய டயர்களுக்கும் நடுவே அக்கா குப்புறக் கிடந்தார். முழங்கையை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல், காதுகளைப் பொத்தி, சால்வை நுனியைப் பல்லில் கடித்திருந்தார். வாயை இறுக மூடினால் குண்டு வெடிக்கும் அதிர்வில் காது கிழிந்துவிடுமாம், அதற்குத்தான் துணி. பின்னால் அண்ணை சொன்னார்.

"வசந்தி, எழும்பு. இது அந்தக் குண்டு இல்லை. இதுக்கு வெளியிலைதான் போகவேணும்."

"ஏலாது. அது மேலை நிக்குது."

அண்ணை தோளைத் தொட்டார், அசையவில்லை. ஹெலிகாப்டர் சத்தம் சுவரிலேயே அதிர்ந்தது. எந்த நொடியும் பூமி பிளக்கும் என்று நான் மேலேறும் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அதைப் போகச் சொல்லுங்கோ, பிள்ளை" என்று அண்ணை தமிழிலேயே கெஞ்சினார். போலீஸ்காரப் பெண்ணுக்கு அது எப்படிப் புரிந்ததோ, வாக்கி-டாக்கியில் இரண்டு வார்த்தை சொன்னார். சத்தம் விலகி, தேய்ந்து, அடங்கியது. அதன்பிறகும் அக்கா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகுதான் எழுந்தார்.

பிற்பகலில் குண்டைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அரங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா சால்வையின் ஈர நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். அறுபது வருடத்துக்கு முன்பே முடிந்தது என்று நான் தேதி சொல்லும் போர் அது. இன்னொரு போர் இலங்கையின் வன்னியில் அன்றும் நடந்துகொண்டிருந்தது. அக்காவின் தங்கை அங்கேதான் இருந்தாள்.

மாலை ரயிலடிக்கு இருவரும் வந்தார்கள். அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கூச்சத்தோடு கேட்டார்: "தம்பி, உங்கடை ஊரிலை ஹெலி வந்தால் என்ன செய்வியள்?"

"எங்க ஊர்லயாக்கா? யாரோ மந்திரி வர்றார்னு எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடுவோம். சின்னப் பசங்க டாட்டா காட்டுவாங்க."

வண்டிக் கதவு மூடப்போகும் மணி அடித்தது. அக்கா நகரவில்லை. அவருக்கு நம்ப முடியவில்லை.

"மேலை பாத்தோ?" என்று கேட்டார்.