வாய்க்கால் ஓரத்தில் கிடந்த டிவி

பிள்ளைகளே, இரண்டாயிரத்துக்குப் பிறகு நாங்கள் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. நான் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தேன். மகள் அப்போது நாலாம் வகுப்பு.

ஓடாத டிவி, ரேடியோ எதுவானாலும் வாசலில் எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை லாரி வந்து எடுத்துக்கொள்ளும், கண்ட இடத்தில் போட்டால் விஷம் தண்ணீரில் கலக்கும் என்று தெருச் சங்கத்தார் வீடு வீடாக வந்து சொன்னார்கள். சனிக்கிழமையே எதிர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வெளியே வைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் பெரிய கலர் டிவி. என்னிடம் இருந்ததோ சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. அதை வாசலில் வைத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், வாய்க்கால் ஓரப் புதரில் தள்ளிவிட்டு வந்தேன். கூட வேலை பார்ப்பவருக்குக் கொடுத்துவிட்டதாக வீட்டில் சொன்னேன்.

மறுநாள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் லாரிக்குப் பின்னால் போனோம். சங்கச் செயலாளர், ரிட்டையரான மலையாளி, வாய்க்கால் பக்கம் வந்ததும் புதரைப் பார்த்து நின்றுவிட்டார். சாக்கு விலகி, டிவியின் படக்குழாய் உடைந்து கிடந்தது.

"இது ஆரு பணி? வாசலுக்கே லாரி வருது. கொஞ்சம் நாணம் வேண்டாமா?"

பேசாமல் நின்றால் சந்தேகப்படுவார்களோ என்ற பயத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

"இப்படிப்பட்ட ஆளுங்களைத் தெருவுலயே வெச்சிருக்கக் கூடாது, சாரே."

"கேட்டீங்களா? அண்ணாச்சிக்கு உள்ள பொறுப்பு உங்க யாருக்காவது உண்டா?" என்று அவர் என்னைக் காட்டி மற்றவர்களைக் கேட்டார்.

அப்போதுதான் மகளைக் கவனித்தேன். அவள் டிவியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். திருகுகிற குமிழ் தொலைந்துபோன இடத்தில் நான் ஒரு டூத்பேஸ்ட் மூடியைச் செருகி வைத்திருந்தேன். அதை மெல்லப் பிடுங்கி, பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கையைப் பிடித்து, "யாரும் பார்க்கலைப்பா" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல.

பிள்ளைகளே, பழைய டிவியால் போய்விடும் என்று நான் நினைத்த மரியாதையைக் காப்பாற்ற, பொய்யே தெரியாத என் மகளைப் பொய்க்குத் துணை நிற்க வைத்தேனே என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் தலை குனிந்துவிடுகிறது.