சிலையின் கீழே மச்சான்

அந்தப் புகைப்படத்தில் என் மனைவியின் தம்பி ஒரு பெரிய வெண்கலச் சிலையின் கீழே நிற்கிறான். யாரோ கொடுத்த மேலங்கி முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன் புது நிலம் தேடிப் போன வடநாட்டுக் கடலோடி ஒருவருக்கு நோர்வேயின் துறைமுக நகரொன்றில் வைத்த சிலை அது. படத்தின் பின்புறத்தில் எழுதியிருந்தான்: “இவரும் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்தான் அத்தான். ஆனால் இவரிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லை.”

படத்தோடு ஒரு கடிதமும் வந்தது. படிக்க வந்த விசா முடியப்போகிறது, சண்டை நடக்கும் ஊருக்குத் திரும்பினால் ஆமி பிடிக்கும், நாங்கள் இருந்த ஓக்லாந்துக்கு வர நான் ஒரு ஸ்பொன்சர் கடிதம் அனுப்பினால் போதும் என்று கேட்டிருந்தான். எண்பதுகளின் நடுப்பகுதி. எப்சம் புறநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் வதிவிட விண்ணப்பத்துக்கே இன்னும் பதில் வரவில்லை. இவனுக்காக எழுதினால் எங்கள் ஃபைலையும் கிளறுவார்கள் என்று பயந்தேன். உண்மையில் அப்படித்தானா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. அந்தப் பயம் எனக்கு வசதியாக இருந்தது. தபால் வந்தபோது மனைவி வீட்டில் இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் புக்கெகோஹியில் நான் வேலை செய்த மரக்கறிப் பொதியிடும் கொட்டகைக்குக் கொண்டுபோய் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

தம்பியிடமிருந்து ஏதும் வந்ததா என்று அவள் வாராவாரம் கேட்டாள். இல்லை என்றேன். அவனுடைய பழைய முகவரிக்கு அவள் எழுதியவை திரும்பி வந்தன. சில மாதங்களில் எங்களுக்கு வதிவிடம் கிடைத்தது. அன்றைக்காவது எழுதியிருக்கலாம். இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தீர்கள் என்று அவள் கேட்பாளே என்று எழுதவில்லை.

ஒரு வருடம் கழித்து அவளுக்கே கடிதம் போட்டான். நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை, விசாவும் கிடைத்துவிட்டதாம். இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் போனதைக் கடைசி வரியில் எழுதியிருந்தான்.

எண்பதுகள் முடியும் தறுவாயில் எங்களைப் பார்க்க வந்தான். கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதியில் மனைவி சாமான் வாங்க உள்ளே போக, நாங்கள் இருவரும் காரில் இருந்தோம். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

“உன்ர கடிதம் அப்பவே எனக்குக் கிடைச்சது.”

“தெரியும் அத்தான். பதிவுத் தபாலெல்லோ. நீங்கள் கையெழுத்து வைச்ச அட்டை எனக்குத் திரும்பி வந்தது.”

அக்காவிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

“இல்லை. நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்.”

அவள் பைகளோடு வருவதைக் கண்டு இறங்கி ஓடினான். பாரமான பையை அந்த வலது கையாலேயே வாங்கிக்கொண்டான். இருவரும் எதையோ கதைத்துச் சிரித்தபடி வந்தார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவன் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. நானும்தான்.