துண்டுக்குள் முடிந்த யுத்தம்

காலை ஐந்தரை மணிக்கு வடுகபட்டியிலிருந்து மாப்பிள்ளை செந்திலின் காரில் கிளம்பினோம். டிக்கி நிறைய வாள், கேடயம், ஒரு கோடரி. எல்லாம் பிளாஸ்டிக் பைப்பில் ஸ்பாஞ்சு சுற்றித் துணி ஒட்டியவை. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. ஆறு மாதமாக மொட்டை மாடி அறையைச் சாத்திக்கொண்டு அவர் பார்த்த சோலி இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு எழுத வராது. நான் சொல்ல என் மகள் தனம் எழுதுகிறாள். அவள் செந்திலின் மனைவி என்பதால் சில இடங்களில் அவள் கை மெதுவாகத்தான் போகும்.

பழங்கால ராஜாக்கள், பூதங்கள் போல வேடம் கட்டி, ஒரு நாள் முழுக்க அந்த ஆளாகவே நடந்து பேசிச் சண்டை போடும் விளையாட்டு அது. வசனம் எழுதித் தர மாட்டார்கள். கோயம்புத்தூர், பெங்களூர் பிள்ளைகள் முப்பது பேரைச் சேர்த்து, கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி கிராமத்தில் செந்தில் முதல் தடவையாக நடத்துகிறார். நான் விளையாடப் போகவில்லை. நாற்பது வருஷம் மலைப்பூண்டுக்குத் தரகு பார்த்தவன், அது விளைகிற மண்ணைப் பார்த்ததில்லை. காரில் இடம் இருந்தது, ஏறிக்கொண்டேன்.

காட்ரோட்டில் டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து மலைப்பாதை. பெருமாள்மலை வரைக்கும் ஒரு தடவை பேரிக்காய் லோடுக்கு லாரியில் வந்திருக்கிறேன். அந்த டிரைவர் வளைவுக்கு வளைவு ஹாரனை அமுக்கிக்கொண்டே கண்ணை மூடிக் கும்பிடுவார். கண்ணைத் திறந்து கும்பிடக் கூடாதா என்று கேட்டதற்கு, திறந்தால் பயமாக இருக்கிறது என்றார். மாப்பிள்ளை கண்ணைத் திறந்துதான் ஓட்டினார். ஆனால் பேச மாட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

எட்டரைக்குக் கொடைக்கானல் சோதனைச் சாவடி. இ-பாஸைப் பார்த்த காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். வாள்களையும் கோடரியையும் ஒவ்வொன்றாக நகர்த்தி அடியில் துழாவினார்.

"என்ன தேடுறீங்க சார்?" என்றார் மாப்பிள்ளை.

"தண்ணி பாட்டில் இருக்கா? சின்ன பிளாஸ்டிக் பாட்டில் மேல கொண்டு போகக் கூடாது."

"இல்லைங்க சார்."

"அப்பப் போங்க."

கொடைக்கானலிலிருந்து பூண்டி நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டி, கவுஞ்சி தாண்டிப் பத்தரைக்குப் போய் இறங்கினோம். மலையைப் படிப்படியாக வெட்டி, கேரட்டு ஒரு படி, பூண்டு ஒரு படி. காற்றிலேயே பூண்டு வாடை. ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தேன். கறுப்பாக, ஈரமாக, என் கடைச் சாக்கின் வாடைதான் அடித்தது.

சண்டை போடக் கேட்டு வாங்கியிருந்த தரிசு மாரிமுத்துவுடையது. பூண்டு விவசாயி, என்னைவிட நாலைந்து வயது இளையவர். தோட்டத்துக்காரரை வேடிக்கை பார்க்க விடக் கூடாது என்று, மேட்டு நாட்டு ராஜாவான என் மாப்பிள்ளைக்கு அவரை மந்திரி ஆக்கியிருந்தார்கள். கம்பளிக் குல்லாயோடு ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார் மந்திரி.

எதிரி பள்ளத்து நாடு. அதற்கு ராணி, கூரான ரப்பர் காது ஒட்டிய ஒரு பெங்களூர்ப் பெண். அவளுடைய தூதுவன் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக் காருக்குள் சுருண்டு கிடந்தான். நடுவர் ரம்யா, மஞ்சள் துணி கட்டிய கோயம்புத்தூர்ப் பெண், என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"தாத்தா, நீங்க தூதுவரா வாங்களேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரிய வேணாம். நடுவுல ஒரு சுனை இருக்கு. அது யாருக்குன்னுதான் தகராறு. நீங்க ராணிக்காகப் போய் மேட்டு நாட்டு மந்திரிகிட்டப் பேசணும். உங்க இஷ்டம்போலப் பேசுங்க. மூணு அடி பட்டா செத்துருவீங்க, அவ்வளவுதான்."

ஒரு பச்சைப் போர்வையைப் போர்த்தி அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் படை நின்றது. மாப்பிள்ளை தகர கிரீடத்தோடு, வாளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அப்படி மலர்ந்த ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட. (தனம் இதை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.)

மாரிமுத்து பீடியை அணைத்துவிட்டு, "எந்த ஊருங்க?" என்றார்.

"வடுகபட்டி. பூண்டுத் தரகு."

அவர் கையை நீட்டினார். மாட்டுச் சந்தையில் போல, எங்கள் பூண்டுச் சந்தையிலும் பழைய ஆட்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் துண்டை எடுத்துப் போட்டேன். வாரத்துக்கு ஐந்து நாள் தண்ணீர் எங்களுக்கு என்று அவர் விரலைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டு என் மூன்று விரலைப் பிடித்தார். நான் நான்கு பிடித்தேன். கொஞ்சம் யோசித்து அமுக்கினார். முடிந்தது.

"நாலு நாள் எங்களுக்கு, மூணு நாள் உங்களுக்கு," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "சண்டை வேண்டாம். எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

ஒரு பூதம் முகமூடியைக் கழற்றியது.

ரம்யா ஓடி வந்தாள். "தாத்தா, சமாதானம் ஆயிருச்சுன்னா சண்டை கிடையாது. இவங்க வந்ததே அதுக்குத்தான். மத்தியானத்துக்கு மேல மஞ்சு எறங்கிரும், அப்புறம் ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. மாத்திச் சொல்லிருங்க."

"துண்டுக்குள்ள குடுத்த வாக்கை மாத்துனா நாளைக்கு எவன் எனக்குக் கை குடுப்பான்?"

"விளையாட்டுதானே தாத்தா."

"கை என் கைதானேம்மா."

மாரிமுத்துவும் தலையை ஆட்டினார். "முடிஞ்சது முடிஞ்சதுதான் பாப்பா."

பிள்ளைகள் வாளைத் தரையில் ஊன்றி நின்றார்கள். ஒருத்தன் போனை எடுத்து, சிக்னல் இல்லாமல் மறுபடி உள்ளே வைத்தான். மாப்பிள்ளை கிரீடத்தைக் கழற்றி, அதன் விளிம்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் முடித்த பேச்சு ஒன்றுகூட முறிந்ததில்லை. ஆனால் எப்போது முறியலாம் என்று தெரியும். சரக்கு ஏறும் முன்னே தரகன் செத்துப்போனால், சந்தையில் அந்தப் பேச்சு செல்லாது. முதலிலிருந்து பேச வேண்டும். மாரிமுத்துவைப் பார்த்தேன். அவருக்கும் அதே யோசனைதான்.

"தண்ணி இன்னும் தெறந்து விடலைங்களே," என்றார்.

"ஏம்மா ரம்யா," என்றேன், "என்னை யாராவது கொல்ல முடியுமா?"

பெங்களூர்ப் பிள்ளைகள் ஒருவரும் முன்வரவில்லை. வயசானவரை எப்படி அடிப்பது என்றார்கள். தூதுவனைக் கொல்ல ராஜாதான் சரியான ஆள் என்றாள் ரம்யா.

"மாமா, நான் எப்படி மாமா," என்றார் செந்தில். என் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்காராதவர்.

"வெரசா அடிங்க மாப்பிள்ளை. மஞ்சு வருது."

முதல் அடி, சட்டையில் ஒட்டிய பூச்சியைத் தட்டியதுபோல இருந்தது. "இதுல பூச்சிகூடச் சாகாது," என்றேன். இரண்டாவது தோளில் கொஞ்சம் பட்டது. மூன்றாவது விலாவில், அடி என்றால் அடி. நான் விழுந்துகொண்டிருக்கும்போதே முதுகில் இன்னொன்று விழுந்தது. அப்புறம் ஊளையிட்டுக்கொண்டு இரண்டு படையும் என்னைத் தாண்டி ஓடின.

செத்தபடியே முழுச் சண்டையையும் பார்த்தேன். கேடயங்கள் தொப் தொப் என்று தலையணைபோலச் சத்தம் போட்டன. மாரிமுத்து தானாகவே வந்து என் பக்கத்தில் செத்துப் படுத்து, பூண்டு விலை எப்படிக் கெடக்கு என்று விசாரித்தார். செத்தவர்கள் பேசக் கூடாது என்று ரம்யா வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். வாக்குத் தவறிய ராஜாவை எல்லாரும் துரத்தினார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடினார்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். மேலே குளிர் பல்லைத் தட்டியது. காட்ரோட்டில் இறங்கியதும் எங்கள் ஊர் வெக்கை முகத்தில் அடித்தது. கீழே எவன் செத்தாலும் படுத்துப் பார்க்கப் புல் கிடையாது. வழியெல்லாம் மாப்பிள்ளை வாயை மூடவில்லை. அடுத்த தடவை என்னை மந்திரவாதி ஆக்கப் போகிறாராம். தேவதானப்பட்டி பக்கத்தில்தான் மூச்சு விட்டார். அப்போது கேட்டேன்.

"மூணு அடியில நான் செத்துட்டேனே மாப்பிள்ளை. நாலாவது எதுக்கு?"

கியரை மாற்றினார். கண் ரோட்டிலேயே இருந்தது.

"அது ஆட்டத்துல சேராது மாமா," என்றார்.