புறப்பாட்டு வாசலில் மூன்று நிமிடம்

டாக்சி ஸ்டாண்டில் அவளுக்கு 'மூணு நிமிஷம்' என்று பேர். விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலில் ஒரு வண்டி மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் விசில் பறக்கும், பின்னாலேயே அபராதச் சீட்டு வரும். டாக்சி ஓட்டுகிற பதினோரு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அபராதம் கட்டியதில்லை. வண்டி நிற்கும்போதே டிக்கி திறந்துவிடும். பெட்டிகளைக் கைப்பிடி ஆளைப் பார்க்கிற மாதிரி இறக்கி வைப்பாள். "எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா? சீட்டை ஒரு தடவை பாத்துக்குங்க. நல்லபடியா போயிட்டு வாங்க." அவ்வளவுதான், கிளம்பிவிடுவாள். அங்கே கட்டிப்பிடித்து அழுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அழுவதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்தால் என்னவாம்?

அன்றைக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தது அவள் புருஷன். வெல்டர். வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடி ஏழு மாதம் ஆகிறது. கடல் தாண்டி ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. விண்ணப்பத்தை நிரப்பியவளே அவள்தான். "வீட்டுல உக்காந்து சுவத்தை முறைச்சா வேலை வருமா?" என்று நச்சரித்துக் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். விசா கைக்கு வந்த நாளிலிருந்து போகாதீங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வரும், விழுங்கிவிடுவாள். பிடித்துத் தள்ளியவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஆகவே இரண்டு பேரும் வழியைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

"பாலத்து மேலயே போயிருக்கலாம்ல?"

"இந்நேரத்துக்குப் பாலத்துல ஏறினா இறங்கறதுக்குள்ள ஃப்ளைட் போயிடும். வண்டி ஓட்டறது நீங்களா, நானா?"

"நீதாம்மா. நான் வாயே திறக்கல."

"திறந்துட்டுத்தானே திறக்கலங்கறீங்க."

சிக்னல் விழுவதற்கு முன்பே ஹாரன் அடித்தாள். குறுக்கே வந்த பஸ்ஸைத் திட்டினாள், குறுக்கே வராத பஸ்ஸையும் திட்டினாள். அவன் பாஸ்போர்ட் இருந்த பையை எட்டாவது தடவையாகத் திறந்து பார்த்தான். "இருக்கு, இருக்கு. அது எங்கயும் ஓடிடாது" என்றாள் சிடுசிடுவென்று. அவன் பையை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புறப்பாட்டு வாசலில் ஒரே நெரிசல். முதுகுக்குப் பின்னால் நாலு வண்டி அலறியது. டிக்கி திறந்தது. இரண்டு பெட்டியும் கீழே இறங்கின, கைப்பிடி அவனைப் பார்த்தபடி. "எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா? சீட்டை ஒரு தடவை பாத்துக்குங்க. நல்லபடியா போயிட்டு வாங்க." அவன் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அவள் கியர் போட்டுவிட்டாள்.

இறக்கத்தில் வரும்போது விரல் தானாகப் போய், டேஷ்போர்டில் மாட்டியிருந்த செல்போனின் டாக்சி ஆப்பில் 'பயணம் முடிந்தது' என்ற பட்டனைத் தேடியது. அங்கே எந்தப் பயணமும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. கட்டின புருஷனைக் கஸ்டமர் மாதிரி இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பலாம் என்றால் அந்தச் சாலையில் திரும்ப வழி கிடையாது. நாலு கிலோமீட்டர் நேரே போய், சுரங்கப்பாதையில் நுழைந்து, லாரிகளோடு மல்லுக்கட்டி, மறுபடி ஏற வேண்டும். எவ்வளவு விரட்டினாலும் பதினெட்டு நிமிடம். போன் பண்ணலாமா? போனில் சொல்கிற விஷயமா அது? "பாவி, பாவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஓட்டினாள். சுரங்கப்பாதை வாயில் ஒரு கான்கிரீட் லாரி ஆடி அசைந்து திரும்பியது. ஸ்டியரிங்கைக் குத்தினாள். இந்நேரம் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போயிருப்பான். டிக்கெட் இல்லாதவளை வாசல் காவலர் உள்ளே விடமாட்டார். இரண்டு வருடம். கண்ணீர் கண்ணை மறைத்தது.

மறுபடி வாசலுக்கு வந்தபோது அவன் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். இரண்டு பெட்டியும் வைத்தது வைத்தபடி இருந்தன.

வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினாள்.

"ஏன் இன்னும் உள்ள போகல? கவுண்டரை மூடிடுவாங்க!" வாயில் வந்தது அவள் சொல்ல வந்தது இல்லை. வாய் பழக்கம்.

அவன் கோபப்படவில்லை. "போகணுமான்னு பாத்துட்டு நிக்கறேன்" என்றான். "நீ சொல்லு. திரும்பிப் போயிடலாம்னா பெட்டியத் தூக்கி டிக்கில போட்டுடறேன்."

பின்னால் விசில் ஊதினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிக்கியைத் திறக்க ஒரு நொடி போதும். பதினொன்றரைக்கு வீட்டில் இருக்கலாம். மறுநாள் காலையில் மறுபடியும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், அத்தனை பேர் பார்க்க.

"போகாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சொல்லிட்டேன். இப்பப் போங்க."

அவன் அவள் கையைச் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"அதக் கேக்கத்தான் நின்னேன்" என்றான். பிறகு பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.