விற்பனைக்கு அல்ல என்று எழுதிய படங்கு

"படங்கு, பழைய சேலைத் துண்டுகள். தேயிலைச் சாயம், பலாக்கட்டைச் சாயம். தைத்து முடித்தது மாசி மாதம், தேர் இழுத்த மறுநாள். விற்பனைக்கு அல்ல."

நான் செய்யும் ஒவ்வொரு சுவர்த்துணிக்குப் பின்னாலும் இப்படி ஒரு சீட்டைத் தைத்துவிடுவேன். காலம் குறிக்காத எதையும் வீட்டைவிட்டு அனுப்ப எனக்கு மனம் வராது. மேலே எழுதியிருப்பது இப்போது என்னிடம் இல்லாத ஒரு துணியின் சீட்டு. அந்தச் சீட்டின் புகைப்படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பனியும் முள்ளும் படாமல் சேலைக்கு மேல் இடுப்பிலிருந்து கட்டிக்கொள்ளும் சாக்குத்தான் படங்கு. மாத்தளையில் பழந்துணி வியாபாரி ஒருவரின் மூட்டையில் அப்படி ஒன்று கிடைத்தது. இரத்தோட்டைப் பக்கம் எடுத்த மூட்டை என்றார், அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அதை நடுவில் வைத்து, சுற்றிலும் சாயமேற்றிய சேலைத் துண்டுகளைப் பொருத்தி ஒரு பெரிய துணி தைத்தேன். கைவினைச் சந்தைகளில் நான் பேசப் போகும்போதெல்லாம் அது எனக்குப் பின்னால் தொங்கும். என் பேச்சே அதைச் சுற்றித்தான். "இதை யாரோ ஒரு பெண் மலையில் கட்டியிருந்தாள், அவள் பெயர் நமக்குத் தெரியாது" என்று தொடங்குவேன்.

அந்த நாட்களில் என்னோடு அண்ணி வருவார். அண்ணனைக் கட்டுவதற்கு முன்பே வியாபாரம் தெரிந்தவர். அவருடைய அப்பாவுக்கு மாத்தளைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை இருந்தது. நான் தைப்பேன், பேசுவேன். அண்ணி விற்பார், என் பேச்சைச் சிங்களத்திலும் சொல்வார். முதல் பஸ்ஸில் துணிச்சுருளை இருவர் மடியிலும் குறுக்கே போட்டுக்கொண்டு போவோம். இதுக்கும் டிக்கெட் போடவா என்று கண்டக்டர் கேட்டால், "சீட்டுல ஒக்கார வச்சா போடு. மடியில தான கெடக்கு?" என்பார் அண்ணி. ரொட்டிப் பொட்டலத்தை நாலந்தா தாண்டிய பிறகே பிரிப்பார். எனக்கு எத்தனை பசித்தாலும் அதற்கு முன் கிடையாது. காரமான கட்டச்சம்பல் வாசத்தில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் கலேவெலவில் சந்தை. பொதுமண்டபத்தின் கதவைத் திறந்து, துணியை மாட்டி முடித்திருந்தோம். இன்னும் ஒன்றும் விற்கவில்லை. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் கையில் மரக்கறிப் பையோடு உள்ளே வந்தார். நேரே அந்தத் துணியிடம் போய், நடுவில் இருந்த படங்கின் கீழ் மூலையைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு விடவில்லை.

"இது என்னோட படங்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எப்பிடிக்கா சொல்றீங்க?"

"மூலையில பாரு புள்ள. செவப்பு நூல்ல மூணு பெருக்கல் குறி. ஆணியில மாட்டுனா எல்லார் படங்கும் ஒரே மாதிரிதான் கெடக்கும். அடையாளத்துக்கு நாந்தான் போட்டேன். நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, வேலைதான் விட்டாச்சேன்னு மருமக பழசோட பழசாத் தூக்கிப் போட்டுட்டா. வந்து தேடுனேன். ஒரு படங்குக்காவா அழுறீங்கன்னு வீட்ல எல்லாருக்கும் சிரிப்பு."

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவராம். கலேவெலவில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்த இடத்தில், காய் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் கதவு திறந்திருப்பதைக் கண்டு நுழைந்திருக்கிறார்.

அண்ணி முன்னால் வந்தார். "அக்கா, காலங்காத்தால போணி நேரத்துல வம்பு பண்ணாதீங்க."

"நானா வம்பு பண்றேன்? என் இடுப்புல கெடந்தத செவுத்துல மாட்டி யாவாரம் பண்றது நீங்க."

"யாவாரமே பண்ணலயே. விக்கிறதுக்கில்லன்னு எழுதித்தான் வச்சிருக்கோம்."

"அப்ப சும்மா குடு."

அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் அப்பா கடைச் சட்டப்படி, முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. முதல் ஆளுக்கு எதையும் சும்மா கொடுக்கவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். எனக்கோ வேறு கவலை. இன்னும் சற்று நேரத்தில் ஆசிரியைகளும் பத்திக் சாயத்துணி வேலை செய்பவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் துணி இல்லாமல் நான் எதைக் காட்டிப் பேசுவது?

சிவப்புப் பெருக்கல் யாரும் போடக்கூடியதுதானே என்றேன். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை.

"பின்னால வலது ஓரத்துல ஒரு கிழிசல். கருப்புக் குடைத்துணி வச்சுத் தைச்சிருப்பேன். திருப்பிப் பாரு."

திருப்பினோம். பின்பக்கம் முழுவதும் உள்துணி. அதை வைத்துத் தைத்தது அண்ணி. நான் அப்போது பலாக்கட்டை அவிந்துகொண்டிருந்த அடுப்படியில் இருந்தேன்.

"ஒட்டு இருந்துச்சா அண்ணி?"

"அன்னைக்கு கரண்டு இல்ல, குப்பி லாம்பு வெளிச்சத்துல தைச்சேன். ஒட்டையா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

ஓரத்தில் நாலு தையலைப் பிரித்தால் தெரிந்துவிடும். கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "போணி ஆகாம துணியில கத்தரி வைக்கிறதா? எங்கப்பா கேட்டா என்னாகும்!" அவர் அப்பா இறந்து வெகுகாலமாகிவிட்டது.

அந்த அம்மாளும் வேண்டாம் என்றார். "நல்லாத் தைச்சிருக்கீங்க. எனக்கு எதுக்குப் பிரிச்சுப் பாக்கணும்? எனக்குத்தான் தெரியுமே."

எதையும் பிரித்துப் பார்த்துத்தான் நம்புவேன் நான். அவர் கை இன்னும் அந்த மூலையில் இருந்தது. கொழுந்துக் கறை போகாத விரல்கள் சிவப்பு நூலைத் தடவிக்கொண்டிருந்தன. பேச்சு முடிந்ததும் எடுத்துக்கொண்டு போங்க அக்கா என்று என் வாயே சொல்லிவிட்டது.

"சும்மாவா?" என்றார் அண்ணி. பிறகு அந்த அம்மாளிடம், "கையில இருக்கறத எதாச்சும் குடுங்கக்கா, ஒரு சில்லறைக் குத்தியானாலும் சரி."

அவர் மடியை அவிழ்த்து, பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். "இந்தா. ஆனா கேட்டுக்க. இது சுத்தி இருக்கற துணிக்கும் தையலுக்கும். படங்குக்கு இல்ல. படங்கு என்னோடது."

அண்ணி அந்த நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார்.

பேச்சு தொடங்கியபோது அவர் முன்வரிசையில், துணிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். வழக்கமான முதல் வாக்கியத்தோடு நான் தொடங்கவில்லை. அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "இந்தப் படங்கைத் தான் கட்டியிருந்ததாக இந்த அக்கா சொல்கிறார்" என்றேன். அண்ணி அதைச் சிங்களத்தில் சொல்லும்போது, இது இந்த அக்காவின் படங்கு என்று முடித்துவிட்டார். கூட்டம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, துணியின் ஒரு பக்கம் கோணலாகத் தொங்குவதை எனக்குக் கைகாட்டினார்.

அன்று வியாபாரம் நன்றாக நடந்தது. போணிதான் காரணம் என்பது அண்ணியின் கட்சி. துணியைச் சுருட்டி, பழைய சேலையில் சுற்றிக் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை இருவரும் அவரோடு போனோம். இன்னார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளாமல் நான் விட்டது அந்த ஒரு முறைதான்.

அண்ணி இப்போது வத்தளையில் மகனோடு இருக்கிறார். முழங்கால் வலியால் பஸ் ஏற முடிவதில்லை. நான் தனியாகச் சந்தைக்குப் போகும் நாட்களில் காலையிலேயே போன் வந்துவிடும்: "போணி யாரு?" சொல்வேன். நாலந்தா தாண்டியதும் ரொட்டியைப் பிரிக்கிறேன், பக்கத்துச் சீட்டில் யாராவது முன்பின் தெரியாதவர் இருப்பார். பேச்சில் இப்போது படங்கு இல்லை, அதன் பின்னால் தைத்திருந்த சீட்டின் புகைப்படத்தைத்தான் காட்டுகிறேன். "யாரோ ஒரு பெண்" என்று தொடங்குவதையும் விட்டுவிட்டேன்.

படங்கின் பின்னால், வலது ஓரத்தில், உள்துணிக்கு அடியில் கருப்புக் குடைத்துணி ஒட்டு இருக்கிறதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.